எனக்கு எகிப்துதான் வேண்டும்

2013 பிப்ரவரி. ஸ்காட்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் சர்வதேச நீர்ச் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை பேராசிரியையின் அறைக் கதவைத் தட்டி, உட்காரக்கூடச் செய்யாமல் நான் கேட்டது இதைத்தான்: எனக்கு எகிப்துதான் வேண்டும்.

அடுத்த வாரம் வகுப்பில் நைல் பேச்சுவார்த்தை நடக்க இருந்தது. பயிற்சிதான், ஆனால் மூன்று நாள் பயிற்சி. மாணவர்களைப் பிரித்து எகிப்து, சூடான், எத்தியோப்பியா, உகாண்டா என்று நான்கு மேசைகளில் உட்கார வைப்பார்கள். ஒவ்வொரு மேசைக்கும் மற்றவர்கள் பார்க்கக்கூடாத ஒரு குறிப்பு தருவார்கள். கூடவே வரைபடம், மாதவாரி நீர்வரத்துக் கணக்கு, பழைய ஒப்பந்தங்களின் நகல். மூன்றாம் நாள் மாலைக்குள் ஒரு பக்கமாவது எல்லோரும் சம்மதித்த வாசகம் எழுதியாக வேண்டும். எனக்கு எத்தியோப்பியா என்று பட்டியலில் இருந்தது.

நான் திருவாரூர் மாவட்டத்துக்காரி. அதற்கு முந்தைய ஆண்டு, 2012-இல், வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. செப்டம்பர் நடுவில்தான் திறந்தார்கள். குறுவை போயிற்று, சம்பாவும் பாதியில் காய்ந்தது. நான் விமானம் ஏறிய வாரத்தில் எங்கள் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. அப்பா ஞாயிறுதோறும் தொலைபேசியில் பேசுவார். நெல்லைப் பற்றிப் பேசாமல் என் குளிரைப் பற்றியே விசாரிப்பார். நெல்லைப் பற்றிப் பேசவில்லை என்றால் நிலைமை என்ன என்று எனக்குத் தெரியாதா? இதை எல்லாம் பேராசிரியையிடம் சொன்னேன். ஆற்றின் கடைசியில் பிறந்தவள் நான், மேலே உட்கார்ந்து தண்ணீரைத் தடுக்கிறவர்களின் வக்கீலாக என்னால் ஒரு மணி நேரம்கூட நடிக்க முடியாது என்றேன். குரல் உடைந்துவிட்டது.

அவர் வாதாடவில்லை. பட்டியலை எடுத்து என் பெயரை அடித்து, எகிப்துக்குக் கீழே எழுதினார். வெற்றி பெற்றவளைப் போல வெளியே வந்தேன். அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு பெயர்களை நான் கவனித்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் நைல் டெல்டாவில் பிறந்த எகிப்திய மாணவர் ஒருவர் இருந்தார். அவரை எத்தியோப்பியா மேசையில் போட்டிருந்தார்கள். எத்தியோப்பியாவிலிருந்து வந்த தோழி ஒருத்தி இருந்தாள். அவளை எகிப்துக்குப் போட்டிருந்தார்கள். இருவரும் பட்டியலைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நூலகத்துக்குப் போய்விட்டார்கள். நைலைக் கண்ணால்கூடப் பார்த்திராத நான்தான் இடம் மாற்றிக் கேட்டுப் போனேன்.

நைல் வழக்கின் சாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அஸ்வானுக்கு வந்து சேரும் தண்ணீரில் ஏறக்குறைய 85 விழுக்காடு எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யும் மழை. எகிப்தில் மழை இல்லை என்றே சொல்லலாம். அந்த நாடு முழுக்க நைலை நம்பிப் பிழைக்கிறது. 1929-இல், சூடானையும் கிழக்கு ஆப்பிரிக்கக் காலனிகளையும் ஆண்ட பிரிட்டன், எகிப்தோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. மேலே எங்கேயும் எகிப்தின் சம்மதமில்லாமல் அதன் தண்ணீரைக் குறைக்கும் வேலை எதுவும் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். 1959-இல் எகிப்தும் சூடானும் தங்களுக்குள் இன்னோர் ஒப்பந்தம் போட்டன. ஆண்டுச் சராசரி 84 பில்லியன் கனமீட்டர் என்று கணக்கிட்டு, அதில் எகிப்துக்கு 55.5, சூடானுக்கு 18.5, மீதி பத்து அஸ்வான் நீர்த்தேக்கத்தில் ஆவியாவதற்கு என்று பிரித்துக்கொண்டன. கூட்டிப் பாருங்கள், 84 தீர்ந்துவிட்டது. எத்தியோப்பியாவுக்கு ஒரு சொட்டுக்கூட எழுதவில்லை. அந்த அறைக்கு அவர்களை யாரும் அழைக்கவே இல்லை. 2011 ஏப்ரலில் எத்தியோப்பியா நீல நைலின் குறுக்கே பேரணை கட்டத் தொடங்கியது. அணை கட்டக் கடன்பத்திரங்களைச் சொந்த மக்களிடமே விற்றார்கள். அரசு ஊழியர்கள் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தார்கள். அந்த மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அன்றைக்கு மின்விளக்கு இல்லை. 2025 செப்டம்பர் 9 அன்று அந்த அணை முறைப்படி திறக்கப்பட்டது. நாங்கள் மேசையில் உட்கார்ந்தபோது அது பாதிகூட எழும்பியிருக்கவில்லை.

முதல் நாள் எகிப்துக்காக எழுந்து பேசினேன். 1929 என்றேன், 1959 என்றேன். ஆயிரமாயிரம் ஆண்டாக இந்தத் தண்ணீரில் பயிர் செய்கிறோம், இது எங்கள் வரலாற்று உரிமை, இதில் ஒரு சொட்டுக் குறைந்தாலும் எங்களுக்குக் கேடு, கேடு செய்வதைச் சட்டம் தடுக்கிறது என்றேன். 1997-இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற நீர்வழிகள் உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன். குறிப்பிடத்தக்க கேடு விளைவிக்காதிருக்கும் கடமை அது. வகுப்பில் கைதட்டினார்கள். எனக்கு நைல் மறந்துபோயிருந்தது. என் கண்ணில் காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலு நிலையும் எங்கள் வயலும்தான் தெரிந்தன.

இடைவேளையில் எத்தியோப்பியத் தோழி காப்பிக் கோப்பையோடு அருகில் வந்தாள். எகிப்து மேசையில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. கோபமாகப் பேசுவாள் என்று நினைத்தேன். "நீ பேசுவது எகிப்துக்கு உதவாது" என்றாள், பொறுமையாக. "எத்தியோப்பியா கையெழுத்திடாத தாளைக் காட்டி எத்தியோப்பியாவைக் கட்ட முடியாது. எகிப்துக்கு மழை இல்லை, வேறு ஆறு இல்லை, பத்து நாள் தண்ணீர் தாமதமானால் என்ன ஆகும் என்று சொல். அதற்கு எங்களால் பதில் சொல்ல முடியாது. மாமூல் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போவோம்." அவள் சொன்ன ஆங்கிலச் சொல்லுக்கு என் மனம் உடனே போட்டுக்கொண்ட தமிழ் 'மாமூல்' என்பதுதான். ஏரிப் பாசன ஊர்களில் யாருக்கு எந்த மடையில் எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று எழுதிவைத்த ஏட்டுக்கு மாமூல்நாமா என்றே பெயர்.

பிற்பகலில் அவள் பேசினாள். தன் நாட்டுக்கு எதிராக, எகிப்துக்காக. டெல்டாவில் கடல் உப்பு ஏறுவதை, வறட்சி ஆண்டில் அணையிலிருந்து எவ்வளவு விடுவார்கள் என்று முன்கூட்டியே தெரியாவிட்டால் எந்த விவசாயியும் எதையும் விதைக்க முடியாது என்பதை, நீர்வரத்துக் கணக்கை நாள்தோறும் பகிர வேண்டும் என்பதை. எதிர்மேசையில் எகிப்திய மாணவர் எத்தியோப்பியாவுக்காக அமர்ந்திருந்தார். ஊர் மேட்டில் இருக்கிறது, ஆறு ஆழப் பள்ளத்தாக்கில் ஓடுகிறது, எங்கள் மண்ணும் அந்த ஆற்றோடு போகிறது, எங்கள் வீட்டில் விளக்கு இல்லை என்றார். அணையை எத்தனை ஆண்டில் நிரப்புவது, வறட்சியில் எப்போது நிறுத்துவது என்பதில் இருவரும் மெல்ல மெல்ல நெருங்கினார்கள். நான் இரண்டு முறை குறுக்கே எழுந்து 1959-ஐ நினைவூட்டினேன். மூன்றாம் நாள் மாலை எங்கள் தாளில் வாசகம் எதுவும் இல்லை. வரலாற்று உரிமை என்ற சொல் முகவுரையில் இருந்தே ஆக வேண்டும் என்று நான் நின்றதுதான் காரணம். விட்டுக்கொடுக்காமல் நின்றேன் என்று அன்றிரவு பெருமையாகத் தூங்கினேன்.

அதே மாதம் 19-ஆம் தேதி, காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பு ஆறு ஆண்டு தாமதத்துக்குப் பிறகு மத்திய அரசிதழில் வெளியானது. ஊரில் வெடி வெடித்தார்கள் என்று அப்பா சொன்னார். எனக்கு அது இரட்டை வெற்றியாகத் தோன்றியது.

ஆய்வேட்டை அந்தச் சூட்டிலேயே எழுதினேன். கீழே இருப்பவரின் உரிமைக்கு 7-ஆம் பிரிவே அடித்தளம் என்பது என் வாதம். என்னிடம் இருந்த உடன்படிக்கை நகல் இன்னும் இருக்கிறது. மொத்தம் 37 பிரிவுகள். 7-ஆம் பிரிவைச் சுற்றிச் சிவப்பு மையில் மூன்று முறை கோடு போட்டிருக்கிறேன். அதற்கு இரண்டு பிரிவு முன்னால் இருக்கும் 5-ஆம் பிரிவு, எல்லோருக்கும் நியாயமான, சமநீதியான பயன்பாடு என்பது, அச்சடித்த நாளில் இருந்ததுபோல் வெள்ளையாக இருக்கிறது. 6-ஆம் பிரிவில் நியாயத்தை எப்படி எடைபோடுவது என்று பட்டியல் உண்டு: இயற்கை அமைப்பு, மக்களின் சமூகப் பொருளாதாரத் தேவை, ஆற்றை நம்பியிருக்கும் மக்கள்தொகை. அதில் ஒரு வரியில் "இப்போதைய பயன்பாடுகளும் இனி வரக்கூடிய பயன்பாடுகளும்" என்ற பொருளில் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். நான் அந்த வரியின் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டி, இரண்டாம் பாதியை மூன்று புள்ளி வைத்து வெட்டியிருந்தேன். ஒரு தாவாவில் வக்கீல் செய்யக்கூடிய காரியம் அது. ஆய்வு என்று பெயர் வைத்துக்கொண்டு செய்யத்தக்கதல்ல.

பேராசிரியை அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதியிருந்தார்: மேலே இருப்பவர்கள் எந்த ஆண்டில் தொடங்கியிருந்தால் உனக்குச் சம்மதமாக இருந்திருக்கும்? அதோடு ஒரு கட்டுரையையும் படிக்கச் சொல்லியிருந்தார். உலக வங்கியில் பல ஆண்டு நீர்ச் சட்ட ஆலோசகராக இருந்த சூடான் நாட்டு அறிஞர் சல்மான் எம். ஏ. சல்மான் 2010-இல் எழுதியது. மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குக் கேடு செய்ய முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. கீழே இருப்பவரும் மேலே இருப்பவருக்குக் கேடு செய்ய முடியும் என்கிறார் சல்மான். முந்திக்கொண்டு முழுத் தண்ணீரையும் பயன்படுத்தி, பிறகு அதைத் தன் உரிமை என்று சொல்லிவிட்டால், மேலே இருப்பவரின் நாளைய பயன்பாட்டுக்குக் கதவு அடைபட்டுவிடுகிறது. தண்ணீர் கீழ்நோக்கி மட்டும்தான் ஓடும். கேடு இரண்டு திசையிலும் போகும். கீழே இருக்கும் ஒரு நாட்டைச் சேர்ந்தவர் இதை எழுதியிருக்கிறார் என்பதுதான் என்னை உறுத்தியது.

அந்த உறுத்தலில் ஓரிரவு, காவிரியையும் உள்ளடக்கிய 1892-ஆம் ஆண்டு மைசூர், சென்னை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். சிறு வயதிலிருந்து பெயர் தெரியும், முழு வாசகத்தைப் படித்ததில்லை. பட்டியலிட்ட ஆறுகளில் மைசூர் புதிய பாசன வேலை செய்ய வேண்டுமானால் சென்னையின் முன்சம்மதம் வேண்டும் என்கிறது. 1924 ஒப்பந்தமும் அந்த வழியிலேயே போனது. பக்கத்தில் 1929 நைல் கடிதங்களைப் பரப்பி வைத்திருந்தேன். இரண்டும் ஒரே கை எழுதியதுபோல் இருந்தன. கீழே இருந்த நிலம் பேரரசின் வருவாய்க்கு முக்கியமாக இருந்த இடத்தில் எல்லாம், மேலே இருந்தவர் கையைக் கட்டும் சொற்கள். டாங்கனிக்கா விடுதலை பெற்றபோது ஜூலியஸ் நைரேரே, காலனி ஆட்சி போட்ட ஒப்பந்தங்களை இரண்டு ஆண்டுக்குள் புதிதாகப் பேசி முடித்தால் சரி, இல்லாவிட்டால் அவை எங்களைக் கட்டாது என்று அறிவித்தார். நைல் மேல்நாடுகளின் வாதத்துக்கு அது அடிப்படையாயிற்று. நைரேரேயைப் படித்தபோது அவர் பக்கம் நியாயம் தெரிந்தது. அதே வாயால் கர்நாடகம் பேசினால் எனக்கு அது அநியாயமாகக் கேட்டது ஏன்? அன்றைக்கு விடை தேடவில்லை. ஆய்வேட்டில் அந்த மூன்று புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு வரியை முழுதாகச் சேர்த்தேன். வாதத்தை மாற்றவில்லை.

ஊர் திரும்பினேன். அந்த ஆண்டு தண்ணீர் வந்திருந்தது, ஆனால் முறைவைத்து விட்டார்கள். எங்களுக்கு முக்கால் வேலி நிலம். வாய்க்காலிலிருந்து பிரியும் கிளையில் முதல் மடை எங்களுடையது. இதை நான் எங்கும் எழுதியதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. கடைமடை மாவட்டம் என்று எங்கள் மாவட்டத்தையே சொல்வதால் நானும் கடைமடைக்காரி என்றே என்னை நினைத்திருந்தேன். எங்கள் கிளை வாய்க்காலில் நாங்கள் தலைமடை.

ஒரு ராத்திரி எட்டரை மணிக்கு அப்பாவோடு வயலுக்குப் போனேன். டார்ச் என் கையில். எங்கள் மடைக்குக் கீழே வாய்க்காலில் பலகை போட்டு, அதன்மேல் மண் மூட்டை அடுக்கியிருந்தது. தண்ணீர் எங்கள் வயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கடைசி மடை வைத்திருக்கும் சித்தப்பா, ஒன்றுவிட்ட உறவு, வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னிக்கி ராத்திரி மட்டும் ரெண்டு பலகையைத் தூக்கிடுங்க. நாத்து மஞ்சளடிச்சுப் போச்சு. நாளான்னிக்கி முறை முடிஞ்சிடும்."

"என் வயல் இன்னும் நெறையலியே தம்பி."

"கணுக்கால் தண்ணி நிக்கிதண்ணே."

"எங்க தாத்தா காலத்துலேர்ந்து மேல்மடை நெறஞ்சுதான் கீழ்மடை. புதுசாவா செய்றேன்? இதான் மாமூலு."

அந்தச் சொல்லை அப்பா வாயில் கேட்டபோது டார்ச் வெளிச்சம் என் கையில் ஆடியது. மாமூல். என் ஆய்வேட்டில் பக்கத்துக்குப் பக்கம் ஆங்கிலத்தில் நான் எழுதியிருந்த சொல். அங்கே அது கீழே இருப்பவரின் கேடயம். இங்கே அது மேலே இருப்பவரின் பலகை. முதலில் எடுத்தவர் யாரோ, அவர் மேலே நின்றாலும் கீழே நின்றாலும், தாம் எடுத்ததை உரிமை என்று சொல்கிறார். சித்தப்பாவின் நாற்றுக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை.

நான் என்ன செய்தேன் என்று எழுதத்தான் இந்தக் கட்டுரை. ஒன்றும் செய்யவில்லை. ஆறுகளை எப்படிப் பகிர வேண்டும் என்று படித்துப் பட்டம் வாங்கி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு பலகை, அவ்வளவுதான். நான் வெளிச்சத்தைப் பலகையிலிருந்து திருப்பிக் காலடியில் அடித்துக்கொண்டேன். சித்தப்பா, "வரேம்மா, எப்ப வந்தே?" என்று என்னைக் கேட்டுவிட்டு இருட்டில் நடந்து போனார்.

அடுத்த ஆண்டு சென்னையில் ஒரு சட்டக் கல்லூரியில் கற்பிக்கச் சேர்ந்தேன். 1997 உடன்படிக்கை போதிய நாடுகள் ஏற்காமல் பதினேழு ஆண்டு கிடந்து, 2014 ஆகஸ்ட் 17 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. 1997 வாக்கெடுப்பில் 103 நாடுகள் ஆதரித்தன. சீனா, துருக்கி, புருண்டி எதிர்த்தன. எகிப்தும் எத்தியோப்பியாவும் இரண்டுமே விலகி நின்றன, இந்தியாவும் அப்படியே. இதையெல்லாம் ஆர்வமாகச் சொல்லிக்கொடுத்தேன். 1957 லானூ ஏரித் தீர்ப்பைச் சொன்னேன். பிரான்ஸ் தன் மலையில் இருக்கும் ஏரியில் மின்திட்டம் போட விரும்பியது. கீழே இருக்கும் ஸ்பெயின், என் சம்மதம் வேண்டும் என்றது. சம்மதம் கட்டாயமில்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லி, நல்லெண்ணத்தோடு கலந்து பேசி, கீழே இருப்பவரின் நலனைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது நடுவர் மன்றம். என் மாணவர்களுக்கு அந்தத் தீர்ப்பின் இரண்டாம் பாதியை அழுத்தமாகவும் முதல் பாதியை விரைவாகவும் நடத்தினேன். மூன்று புள்ளி வைக்கும் பழக்கம் பேச்சிலும் வரும்.

காவிரி நாடுகளுக்கிடையிலான ஆறு அல்ல. அதற்கு அரசியலமைப்பின் 262-ஆம் பிரிவும் 1956 சட்டமும் உண்டு. ஆனாலும் நடுவர் மன்றமே 1966 ஹெல்சிங்கி விதிகளைத் துணைக்கு எடுத்துப் பேசியதால் சர்வதேசச் சட்ட வகுப்பில் காவிரிக்கு நியாயமான இடம் இருந்தது. நான் கொடுத்த இடம் நியாயத்தைத் தாண்டியது. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்த வாரத்தில், ஹெல்சிங்கி விதிகள் இருந்த பாடத்தை மூடிவைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினேன். அவர்கள் அடைக்கிறார்கள், அவர்கள் தீர்ப்பை மதிப்பதில்லை, அவர்களுக்கு நம் பசி தெரியாது. மாணவர்கள் மேசையைத் தட்டினார்கள்.

பருவத் தேர்வு முடிந்த பிறகு ஒரு மாணவர் அறைக்கு வந்தார். எப்போதும் கடைசி வரிசை. வகுப்பில் ஒரு முறைகூடப் பேசாதவர். விடைத்தாளில் மட்டும் நன்றாக எழுதுவார்.

"மேடம், எனக்கு ஊரு கொள்ளேகால் பக்கம். வீட்ல தமிழ்தான். அப்பா அங்க வாய்க்கால் பாசனத்துல நெல்லு போடுறாரு."

உட்காரச் சொன்னேன். அவர் நின்றுகொண்டே பேசினார்.

"நீங்க அவங்க அவங்கன்னு சொன்னப்பல்லாம் எனக்கு அப்பா வரப்புல நிக்கறதுதான் ஞாபகம் வந்துச்சு. அந்த வாரம் அப்பா வீட்டுல தமிழ் காலண்டரைக் கழட்டி உள்ள வச்சாரு. இங்க ஹாஸ்டல்ல, கன்னடத்துல பேசுற ஃப்ரெண்டு கூப்ட்டா நான் போனை எடுக்கல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு. வேற ஒண்ணும் இல்ல மேடம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அது போதாது என்று அப்போதே தெரிந்தது. ஒரு பருவம் முழுக்க ஒரு மாணவரின் தந்தையை அவர் எதிரிலேயே திருடன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் தலைகுனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு டார்ச்சைத் திருப்பிக்கொண்ட அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. எத்தியோப்பியத் தோழியும் ஞாபகம் வந்தாள். எகிப்துக்காக அவள் பேசியபோது அவள் தன் நாட்டுக்குத் துரோகம் செய்யவில்லை. எதிர்த் தரப்பின் உண்மையான கஷ்டம் எது, வெறும் பிடிவாதம் எது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவை வேறு, மாமூல் வேறு. எகிப்தின் தேவை உண்மை. காவிரி டெல்டாவின் தேவையும் உண்மை. 2016, 17-இல் எங்கள் மாவட்டங்களில் கருகிய பயிரைப் பார்த்து உயிர்விட்டவர்களை நான் அறிவேன். அந்தத் தேவையை நான் மாமூல் என்ற சொல்லால் போர்த்தி, அதன் பலத்தைக் குறைத்துவிட்டேன். இது எனக்குப் புரிய மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அடுத்த பருவத்திலிருந்து பாடம் நடத்தும் முறையை மாற்றினேன். டெல்டா மாணவர்களுக்குக் கர்நாடகத்தின் மேசை. கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் ஆள் போதாவிட்டால் நானே போய் உட்காருவேன். 1892 வாசகத்தை முழுதாகப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும். உரிமை என்ற சொல்லை முதல் நாள் யாரும் பயன்படுத்தக் கூடாது. எந்த மாதத்தில், எந்தப் பயிருக்கு, எவ்வளவு தண்ணீர், வராவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் பேச வேண்டும். மாணவர்கள் தடுமாறுவார்கள். உரிமை என்று சொல்லாமல் பேச ஆரம்பித்தால்தான் குறுவைக்கு எத்தனை நாள் தண்ணீர் வேண்டும் என்பதே தங்களுக்குத் தெரியாது என்று அவர்களுக்குப் புரியும். பாடத்தின் எடையும் மாறியது. கேடு செய்யாதே என்ற ஒற்றைப் பிரிவிலிருந்து, திட்டத்தை முன்கூட்டி அறிவி, கணக்கைப் பகிர், பதில் வர ஆறு மாதம் காத்திரு என்ற நடைமுறைப் பிரிவுகளுக்கு வந்தேன். படிக்கும் காலத்தில் அவற்றை எழுத்தர் வேலை என்று தாண்டிப் போயிருந்தேன். அர்ஜென்டினாவும் உருகுவேயும் ஆற்றங்கரைக் காகிதக் கூழ் ஆலைக்காக மோதிய வழக்கில், சர்வதேச நீதிமன்றம் 2010-இல் உருகுவே மீது கண்ட குற்றம் அந்த வகைதான்: ஆற்றைக் கெடுத்ததாக நிரூபணமாகவில்லை, முன்கூட்டி அறிவிக்கும் கடமையை மீறியது. சித்தப்பாவின் வழக்கும் கிட்டத்தட்ட அதுதான். எங்கள் வயல் எப்போது நிறையும், பலகையை எப்போது தூக்குவோம் என்று யாரும் அவருக்கு முன்னாடி சொல்வதில்லை. அதனால்தான் ராத்திரி எட்டரை மணிக்கு வரப்பில் வந்து உட்கார்ந்திருந்தார்.

2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பைச் சொன்னது. பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய தண்ணீர் 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது. குறைந்த 14.75-இல் 4.75 பெங்களூர் நகரத்துக்கு. மீதி 10, தமிழ்நாட்டுப் படுகையில் நிலத்தடியில் இருபது டிஎம்சி தண்ணீர் இருக்கிறது என்று கொண்டு, அதில் பாதியைக் கணக்கில் சேர்த்ததால் வந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். எங்கள் மண்ணுக்கடியில் இருப்பதை எப்படிக் கணக்கில் எடுக்கலாம்? பிறகு அலமாரியிலிருந்து உடன்படிக்கை நகலை எடுத்தேன். 2-ஆம் பிரிவு. நீர்வழி என்பது ஆற்றையும் அதோடு இயற்கையில் ஒன்றாய்ப் பிணைந்த நிலத்தடி நீரையும் சேர்த்தது. நான்கு ஆண்டாக ஒவ்வொரு பருவத்தின் முதல் வகுப்பிலும் நான் கரும்பலகையில் எழுதிய வரையறை. அப்பாவின் போர்வெல்லை நினைத்து அதை ஒரு நாளும் எழுதியதில்லை. கடலோர மண்ணில் உப்பு ஏறும் அபாயத்தை அந்தக் கணக்கு போதிய அளவு எடைபோட்டதா என்ற கேள்வி எனக்கு இன்றும் உண்டு. அதை வாதாடலாம். நிலத்தடி நீரை எண்ணவே கூடாது என்று வாதாட, அந்த வரையறையைக் கற்பித்த எனக்கு வாயில்லை.

அன்று மாலை கொள்ளேகால் மாணவர் அழைத்தார். அப்போது மைசூரில் ஒரு வக்கீலிடம் பயிற்சியில் இருந்தார். இருவரும் ஒரே தீர்ப்பைத் திறந்து வைத்திருந்தோம். நான் கேட்டேன், "அப்பா என்ன சொல்றாரு?"

"எங்க வாய்க்காலுக்கு இதுல எவ்வளவுன்னு கேக்கறாரு மேடம். நானும் தேடிட்டேன், அது எங்கயும் இல்ல. இத்தன வருஷம் சண்டை போட்டது டவுனுக்குத்தானாங்கறாரு." கொஞ்சம் நிறுத்தி, "உங்கப்பா?" என்றார்.

இனிமேல்தான் பேச வேண்டும் என்றேன்.

இரவு அப்பாவை அழைத்தேன். தொலைக்காட்சியில் பார்த்திருந்தார். "பத்து டிஎம்சி நம்ம போர் தண்ணியாமே. அதை டெல்லியிலேர்ந்து எப்படி அளந்தாங்க?" என்று கேட்டார். பழைய அறிக்கைகளில் கணக்கு உண்டு, கீழே இருக்கும் தண்ணீரும் ஆற்றிலிருந்து இறங்கியதுதான், சட்டத்தில் இரண்டும் ஒன்று என்று தெரிந்த அளவுக்கு எளிமையாகச் சொன்னேன்.

"அப்ப நான் மோட்டார் போட்டா அதுவும் காவிரிதானா?"

"ஆமாப்பா."

"நமக்குக் கீழ இருக்கறவனுக்கும் அதுலதான் வரணும்?"

"ஆமா. சித்தப்பா போட்டிருக்கற போரும் நம்ம போரும் ஒரே தண்ணிதான்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. சுவர்க் கடிகாரம் அடிப்பது கேட்டது. பிறகு, "சரி, நீ சாப்டியா?" என்று கேட்டார்.